தெளியும் வரை

ஒரு நாளைக்கு மூவாயிரம் ஷில்லிங், மதியச் சாப்பாடு தனி.
அந்த வாரம் என் நாக்கின் வாடகை அது.
துர்கானா மொழி உள்ளே போகும்,
ஆங்கிலம் வெளியே வரும்,
நடுவில் என்ன நடக்கிறதென்று
யாரும் கேட்கமாட்டார்கள்.

ரொவேனா மூன்று ஜீப்புகளோடு வந்தாள்.
அவள் நடித்த படம் ஒன்றுகூட
லோட்வாரில் ஓடியதில்லை.
எங்களுக்கு அவள்
வெயிலில் சிவந்துபோகிற ஓர் ஒல்லிப் பெண்.

கெரியோ ஆறு அப்போது வெறும் மணல்.
நக்வாவி ஓர் ஆள் ஆழக் குழிக்குள் இறங்கி
சுரைக்குடுக்கையால் மொண்டு மொண்டு
மஞ்சள் கேனை நிரப்பினாள்.
"அருமை" என்றார் இயக்குநர்.
"இன்னொரு முறை."

கேனில் இருந்ததைக் குழியிலேயே கொட்டச் சொன்னார்கள்.
கொட்டினாள்.
பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.
ஏன் என்றார்கள்.
தெளியட்டும் என்றாள்.
அதற்குத்தான் நேரமில்லை.
கலங்கலாகவே இருக்கட்டும்,
கலங்கல்தான் காமிராவுக்குப் பிடிக்கிறது,
முடிந்தால் ஒரு குச்சியை விட்டு
இன்னும் கொஞ்சம்...

சொன்னேன்.
நக்வாவி என்னைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள்,
மறுபடி என்னைப் பார்த்தாள்.
"குடிக்கிற தண்ணீரை எவளாவது கலக்குவாளா?
இவர்கள் வீட்டில்
சொல்லிக்கொடுக்க ஆளே இல்லையா?"

"அவர் தயார்" என்று மொழிபெயர்த்தேன்.

கலங்கிய நீரில் மீன் பிடிப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.
கலக்கிய நீரில்
கிணறு பிடிக்க வந்தவர்களை
அன்றுதான் பார்த்தேன்.

இரவு, ஜெனரேட்டர் அடங்கிய பிறகு
ரொவேனா கூடாரத்தை விட்டு வெளியே வந்தாள்.
முழங்காலில் வேலமுள் கிழித்த நீளக் கோடு.
"அவள் சொன்னது நீளமாக இருந்தது.
நீ சொன்னது இரண்டே சொல்" என்றாள்.
சம்பளம் போனால் போகட்டும் என்று
சொல்லிவிட்டேன்.
சிரித்தாள்.
சிரிப்பு பாதியிலேயே நின்றது.

விடியுமுன், மற்றவர்கள் எழுமுன்
குழியோரம் இரண்டு பெண்கள்.
பேச்சில்லாததால் எனக்கு வேலையில்லை,
தள்ளி உட்கார்ந்திருந்தேன்.
முக்கால் மணி நேரம்.
மண் கீழே இறங்க இறங்க
நீருக்குள் முதலில் வானம் வந்தது,
பிறகு இரண்டு தலைகள்.
நக்வாவி விரலில் எச்சில் தொட்டு
அந்த முள்கோட்டில் தடவினாள்.
ரொவேனா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அது படத்தில் இல்லை.
படத்தில் பதினோரு விநாடி நக்வாவி இருக்கிறாள்,
ஒரு குச்சி இருக்கிறது,
வயலின் இருக்கிறது.

பணம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.
பம்பு வந்தது. நானும் குடித்தேன்.
அந்த இரண்டு வருடமும் என் தங்கை மகன்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழவில்லை.
இதைச் சொல்லாமல் விட்டால்
குச்சி என் கையில்தான்.

மூன்றாம் வருடம் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தது.
உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்.
நைரோபியிலும் கிடைக்கவில்லை.
அலுவலகத்தில் பணிவாகத்தான் சொன்னார்கள்:
புதுக் கிணற்றுக்கு நிதி உண்டு,
பழைய வளையத்துக்கு இல்லை.
பித்தளைப் பலகையில்
அவள் பெயர் இன்னும் மங்கவில்லை.
ஆடுகள் அதில் முதுகு சொறிந்துகொள்கின்றன.

நேற்று தொலைபேசி வந்தது.
அடுத்த வாரம் ஒரு கால்பந்து வீரர்.
நாளைக்கு நாலாயிரம்.
வருகிறேன் என்று சொல்லிவிட்டு
ஆற்றுப் பக்கம் நடந்தேன்.

குழிக்குள்ளிருந்து நக்வாவி தலை தூக்காமல் கேட்டாள்:
"அந்த ஒல்லிப் பெண்ணுக்கு
முழங்கால் ஆறிவிட்டதா?"

மனதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்.
ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"ஆறியிருக்கும்" என்றேன்.

"உன்னைக் கேட்கவில்லை.
அவளைக் கேட்டுச் சொல்" என்றவள்
குடுக்கையை மணலில் கவிழ்த்து வைத்துவிட்டு
காத்திருக்கத் தொடங்கினாள்.